ஆஃபர் கடிதத்தில் இரண்டு காலண்டர்கள்

மருத்துவக் கருவித் துறையில் ஆஃபர் கடிதம் கைக்கு வந்ததும் எல்லோர் கண்ணும் முதலில் போவது ஆண்டுச் சம்பளத்துக்குத்தான். போகட்டும், தப்பில்லை. ஆனால் அதற்குக் கீழே இருக்கும் எண்கள் எல்லாம் தேதியோடு சேர்த்துக் கட்டப்பட்டவை. போனஸ் எந்த மாதம், பங்கு எந்த ஆண்டு, ஜாயினிங் போனஸைத் திருப்பித் தர வேண்டிய கெடு எத்தனை மாதம் என்று ஒரு காலண்டர் அதற்குள் ஓடுகிறது. நீங்கள் போய் வேலை செய்யப்போகும் கருவிக்கும் ஒரு காலண்டர் உண்டு. டிசைன் ஃப்ரீஸ் (வடிவமைப்பை இனி மாற்றாமல் நிறுத்துவது), வெரிஃபிகேஷன் (அது தேவைப்படி இருக்கிறதா என்ற சோதனை), கிருமிநீக்க வேலிடேஷன், சமர்ப்பிப்பு, ஒழுங்குமுறை அமைப்பு கேட்கும் கேள்விகள், அனுமதி என்று அது வேறு வேகத்தில் போகும். முதல் காலண்டரை எழுதுகிறவர் ஹெச்ஆரில் இருக்கிறார். இரண்டாவது ப்ராஜெக்ட் மேனேஜரின் சுவரில் தொங்குகிறது. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்க வேறு யாருக்கும் அவசியமில்லை. அதனால் அந்த வேலை உங்கள் தலையில்தான் விழுகிறது, அதையும் கையெழுத்துக்கு முன்பே முடித்தாக வேண்டும்.

இந்தத் துறையில் ஒரு வசதி இருக்கிறது. செயலி எழுதும் நிறுவனம் உள்ளே என்ன பாடுபடுகிறது என்று வெளியாருக்குத் தெரியாது. மருத்துவக் கருவி நிறுவனம் அப்படி ஒளிந்துகொள்ள முடியாது. அமெரிக்காவில் விற்பவர்களென்றால் எஃப்.டி.ஏ. என்ற அந்நாட்டு ஒழுங்குமுறை அமைப்பின் தளத்திலேயே பாதி ஜாதகம் கிடைத்துவிடும். சந்தையில் ஏற்கெனவே உள்ள கருவிக்கு இணையானது என்று காட்டிப் பெறும் 510(கே) அனுமதிகள், அதிக அபாயக் கருவிகளுக்கான பி.எம்.ஏ. ஒப்புதல்களும் பின்னர் செய்த மாற்றங்களுக்கான அவற்றின் சப்ளிமென்ட்களும், ரீகால் (திரும்பப் பெற்ற கருவிகள்) பட்டியல், பாதிப்புப் புகார்கள் குவியும் மாட் (MAUDE) தரவுத்தளம், எச்சரிக்கைக் கடிதங்கள் எல்லாம் யார் வேண்டுமானாலும் தேடிப் படிக்கலாம். ஒரு மாலை நேரம் போதும்.

படிக்கும்போது சில விஷயங்கள் தானாகத் துருத்திக்கொண்டு தெரியும். வேலை அறிவிப்பில் 'புதிய தலைமுறைக் கருவி' என்று இருக்கிறது, ஆனால் கடைசி அனுமதி வந்து ஆறு வருடம் ஆகிறது, நடுவில் இரண்டு ரீகால் என்று வையுங்கள். உங்களைக் கூப்பிடுவது புதுக் கருவிக்கா, பழையதைப் பழுது பார்க்கவா என்று நேராகக் கேட்டுவிடலாம். பழுது பார்க்கும் வேலை தாழ்ந்ததல்ல. ஆனால் அதற்கான விலை வேறு, மூன்று வருடம் கழித்து ரெஸ்யூமேயில் அது நிற்கும் இடமும் வேறு. மாட் புகார்களின் எண்ணிக்கையை மட்டும் பார்த்து முடிவு கட்டாதீர்கள். அதிகம் விற்கும் கருவிக்குப் புகாரும் அதிகம் வரும். எண்ணிக்கையைவிட ஒவ்வொரு புகாரிலும் உள்ள விவரணையைப் படியுங்கள். ஒரே உதிரிபாகத்தின் பெயர் திரும்பத் திரும்ப வந்தால், உங்கள் முதல் வருடம் எதில் கழியும் என்று ஓரளவு சொல்லிவிடலாம்.

எச்சரிக்கைக் கடிதம் வாங்கிய நிறுவனத்தைக் கண்டு ஓட வேண்டியதில்லை. உண்மையில் பேரம் பேச அதைவிட நல்ல நேரம் கிடைக்காது. கேப்பா (குறையைத் திருத்தி மறுபடி வராமல் தடுக்கும் நடவடிக்கை), ப்ராசஸ் வேலிடேஷன் (உற்பத்தி முறை சரியாக ஓடுகிறது என்று நிரூபிப்பது), புகார் விசாரணை தெரிந்த ஆட்கள் அங்கே உடனே வேண்டும். ஆனால் அந்தக் கடிதத்தில் வழக்கமாக வரும் ஒரு வாசகத்தைத் தேடிப் படியுங்கள். குறைபாடுகளோடு தொடர்புள்ள மூன்றாம் வகுப்பு, அதாவது அதிக அபாயக் கருவிகளின் பி.எம்.ஏ. விண்ணப்பங்கள், குறை தீரும்வரை ஒப்புதல் பெறாது என்று அது சொல்லும். அப்படிப்பட்ட இடத்தில் உங்களுக்கு 'ஒப்புதல் கிடைத்தால் போனஸ்' என்று ஆசை காட்டினால், அந்த போனஸின் சாவி வேறு யாருடைய கையிலோ இருக்கிறது.

ஐரோப்பியச் சந்தையை நம்பியிருக்கும் நிறுவனத்துக்குச் சுவர் வேறு இடத்தில் இருக்கிறது. 2017/745 என்ற மருத்துவக் கருவி ஒழுங்குமுறை 2021 மே 26 முதல் நடைமுறையில் உள்ளது. பழைய சான்றிதழோடு இருக்கும் கருவிகளுக்கு 2023-இல் நிபந்தனைகளோடு காலநீட்டிப்புக் கொடுத்தார்கள். மூன்றாம் வகுப்புக்கும், சில விலக்குகள் போக, அதற்கு அடுத்த அபாய வகுப்பான 2பி-இல் வரும் இம்ப்ளான்ட்களுக்கும் 2027 டிசம்பர் 31 வரை, மற்றவற்றுக்கு 2028 டிசம்பர் 31 வரை. தொழில்நுட்பக் கோப்புகளைப் புதுப்பிக்கத் தெரிந்தவர்களுக்கு அந்தத் தேதிவரை நல்ல கிராக்கி. எனவே கேட்க வேண்டிய கேள்வி, "அந்தத் தேதிக்குப் பிறகு இந்தப் பதவிக்கு என்ன வேலை?" பதில் சொல்லத் தடுமாறினால், அது ஒப்பந்த வேலைக்கு நிரந்தர வேலையின் சட்டை போட்டது. அதற்கேற்ப விலை பேசுங்கள்.

அடுத்து, உங்கள் சரக்கு என்ன என்பது. இந்தத் துறையில் பொறியாளரின் விலை அவர் போட்ட சர்க்யூட்டிலோ எழுதிய நிரலிலோ மட்டும் இல்லை. எந்தக் கோப்பை எந்த முனையிலிருந்து எந்த முனைவரை கொண்டுபோனார் என்பதில்தான் அது நிற்கிறது. 'இன்ஃப்யூஷன் பம்ப் மென்பொருளில் பணியாற்றினேன்' என்ற வரி பத்தோடு பதினொன்று. 'ஐ.இ.சி. 62304-இன்படி சி வகுப்பு மென்பொருள். தேவைகளிலிருந்து சோதனை அறிக்கைவரை தடமறி அட்டவணை என் பொறுப்பு. சமர்ப்பிப்பின்போது மென்பொருள் பற்றி வந்த கேள்விகளுக்குப் பதில் எழுதியது நான்' என்றால் எதிரே இருப்பவர் நிமிர்ந்து உட்காருவார். 62304 என்பது மருத்துவ மென்பொருளுக்கான தரநிலை. அதில் சி வகுப்பு என்றால் அந்த மென்பொருள் தவறினால் உயிர் போகலாம், இல்லாவிட்டால் பலத்த காயம் ஆகலாம். விரிவான டிசைன் ஆவணம் ஒவ்வொரு யூனிட்டுக்கும் வேண்டும். அதைச் செய்து முடித்தவர் தனி ரகம். இதேபோல ஐ.இ.சி. 60601 என்ற மின் மருத்துவக் கருவித் தரநிலை வரிசையின் சோதனையில் வெளிச் சோதனைக்கூடத்தில் தோற்றுத் திரும்பி, கசிவு மின்னோட்டத்தையோ மின்காந்த உமிழ்வையோ சரிசெய்து மறுபடி தேறியவர், ஐ.எஸ்.ஓ. 14971 ரிஸ்க் கோப்பைப் புகார்த் தரவோடு இணைத்துப் புதுப்பித்தவர், சப்ளையர் மாறியபோது ஐ.க்யூ., ஓ.க்யூ., பி.க்யூ. (நிறுவியது சரியா, இயங்குவது சரியா, தொடர்ந்து சரியாகத் தருகிறதா என்ற சோதனைகள்) மூன்றையும் ஓட்டியவர் எல்லோருக்கும் சொல்ல ஒரு வரி இருக்கிறது. அந்த வரியைத் தோண்டி எடுப்பதில்தான் சிரமம்.

இதில் ஒரு சங்கடமும் உண்டு. பழைய நிறுவனத்தின் டிசைன் கோப்பிலிருந்து ஒரு பக்கத்தைக்கூட வெளியே காட்ட முடியாது, காட்டவும் கூடாது. காட்டுகிறவரைப் பார்த்ததும் நேர்காணல் செய்பவரின் மனதில் 'நாளைக்கு நம் கோப்பையும் இப்படித்தான் காட்டுவார்' என்று ஓடும். அதனால் பொதுவெளியில் வந்துவிட்டதை மட்டும் கையில் வைத்திருங்கள். 510(கே) சுருக்கம், கொடுக்கப்பட்ட காப்புரிமை, நிறுவனமே வெளியிட்ட கையேடு போதும். 'கே' என்று தொடங்கும் அனுமதி எண்ணைச் சொல்லி, "இந்தச் சுருக்கத்தில் செயல்திறன் சோதனைப் பகுதியில் குறிப்பிட்டிருக்கும் சோதனைகளை நடத்தியது என் குழு" என்றால் ஆதாரமும் ஆயிற்று, ரகசியமும் காப்பாற்றப்பட்டது.

நேர்காணலின் கடைசிப் பத்து நிமிடம் "உங்களுக்கு ஏதாவது கேள்வி இருக்கிறதா?" என்பார்கள். பலரும் அதைப் பணிச்சூழல் பற்றிய பொதுக்கேள்வியில் வீணடிக்கிறார்கள். கருவியின் காலண்டரை வாங்க வேண்டிய இடம் அது. கிருமிநீக்கம் செய்து பொதியிட்டு விற்கும் ஒரு கருவியை எடுத்துக்கொள்ளுங்கள். "இரண்டு மாதத்தில் சமர்ப்பித்துவிடுவோம்" என்கிறார் மேனேஜர். "பொதியின் முதுமைச் சோதனை சேம்பருக்குள் போய்விட்டதா?" என்று கேளுங்கள். சேம்பர் என்ற வெப்பப் பெட்டியில் வைத்துப் பொதியை வேகமாக முதுமையடையச் செய்து, எத்தனை வருடம் தாங்கும் என்று பார்க்கும் சோதனை அது. கணக்கு எளிது. ஏ.எஸ்.டி.எம். எஃப்1980 வழிகாட்டுதலின்படி, அறைவெப்பம் 25 டிகிரி, சேம்பர் 55 டிகிரி, பத்து டிகிரிக்கு இரட்டிப்பு வேகம் என்று வைத்தால் முப்பது டிகிரிக்கு எட்டு மடங்கு. இரண்டு வருட ஆயுள் என்று பெட்டியில் அச்சடிக்க 730 நாளை எட்டால் வகுத்து சுமார் 91 நாள் சேம்பரில் இருக்க வேண்டும். அதற்குப் பிறகு சீல் வலிமை, கசிவுச் சோதனை, அறிக்கை, கையெழுத்துகள். சாம்பிள் இன்னும் உள்ளே போகவில்லை என்றால் இரண்டு மாதத்தில் சமர்ப்பிப்பு நடக்காது. மேனேஜர் பொய் சொல்கிறார் என்று அர்த்தமில்லை. ஆனால் அவர் சொன்ன தேதியை நம்பி உங்கள் போனஸைக் கட்டிவைக்க வேண்டாம்.

மென்பொருள் கருவியானால் சேம்பருக்குப் பதில் சைபர் பாதுகாப்பு ஆவணங்களைக் கேளுங்கள். இணையத்தோடு இணையும் கருவிகளுக்கு மென்பொருள் உட்பொருள் பட்டியலும், சந்தைக்கு வந்தபின் ஓட்டைகளை அடைக்கும் திட்டமும் அமெரிக்கச் சமர்ப்பிப்பில் 2023 முதல் சட்டப்படியே வேண்டும். "பட்டியல் தானாக உருவாகிறதா, எக்செல்லில் யாராவது தட்டுகிறார்களா?" என்ற ஒரு கேள்விக்கு வரும் சிரிப்பிலேயே பாதி நிலவரம் தெரிந்துவிடும்.

சம்பளத்துக்கு வருவோம். தொகைக்கு முன்னால் பேச வேண்டியது லெவல். இன்ஜினியர் 2-ஆ, சீனியரா, பிரின்சிபலா என்பது முடிவானால் சம்பள வரம்பு தானாக முடிவாகிவிடும். வரம்புக்குள் மேலே கீழே நகர்த்துவது ரெக்ரூட்டர் கையில் இருக்கிறது. வரம்பையே தாண்டப் பெரிய அதிகாரிகளின் கையெழுத்து வேண்டும். பலரும் தவறான லெவலை ஏற்றுக்கொண்டு அதன் உச்சிக்காக மல்லுக்கட்டுகிறார்கள். உச்சியில் சேர்ந்தவருக்கு அடுத்த ஆண்டு உயர்வும் சொற்பமாகவே இருக்கும், வரம்பு தீர்ந்துவிட்டதே! எனவே ஆஃபர் எழுதும் முன்பே, நேர்காணல் செய்த மேனேஜரிடம் பேசி லெவலை முடித்துக்கொள்ளுங்கள். அதற்கான வாதம் வருட அனுபவம் ஆகாது. "இந்தப் பதவியில் டிசைன் ரிவ்யூவில் தனியாகக் கையெழுத்திடும் அதிகாரம் எனக்கு உண்டா? ரிஸ்க் கோப்பின் உரிமையாளர் நானா? வெளிச் சோதனைக்கூடத்தோடு பேசுவது நானா?" மூன்றுக்கும் ஆமாம் என்றால், "உங்கள் சொந்த லெவல் விளக்கத்திலேயே இது சீனியருக்கு உரியதாக இருக்கும், பார்க்கிறீர்களா?" என்று கேட்கலாம். மேனேஜருக்கு ஹெச்ஆரிடம் எடுத்துப்போக ஒரு வாசகம் வேண்டும். அதை நீங்களே கொடுத்துவிடுகிறீர்கள்.

"எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள்?" என்று முதல் போனிலேயே கேட்பார்கள். "பொறுப்பு முழுவதும் தெரிந்தபின் சொல்கிறேன், இந்தப் பதவிக்கு நீங்கள் வைத்திருக்கும் வரம்பைச் சொன்னால் இருவருக்கும் நேரம் மிச்சம்" என்பது போதுமான பதில். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023/970 ஆணை இன்னும் ஒரு படி போகிறது. தொடக்கச் சம்பளத்தையோ வரம்பையோ விண்ணப்பதாரருக்குச் சொல்ல வேண்டும், பழைய சம்பளத்தைக் கேட்கக் கூடாது என்கிறது. உறுப்பு நாடுகள் அதைத் தம் சட்டத்தில் கொண்டுவர 2026 ஜூன் 7 வரை கெடு. வேறு இடங்களில் சட்டம் எப்படியோ, பழைய சம்பளத்தைக் கேட்டால் பொய் மட்டும் சொல்லாதீர்கள். சரிபார்ப்பில் மாட்டினால் ஆஃபரே போய்விடும். சொல்ல விருப்பமில்லை என்று மரியாதையாக மறுப்பது பொய்யாகாது.

அடிப்படைச் சம்பளம் நகரவில்லையென்றால் ஜாயினிங் போனஸ் பக்கம் திரும்புங்கள். ஒருமுறைச் செலவு என்பதால் அதற்குக் கையெழுத்து வாங்குவது எளிது. ஏற்கெனவே இருக்கும் சக ஊழியர்களின் சம்பளத்தோடு அது மோதாது. குறிப்பாக, பழைய நிறுவனத்தில் விட்டுவிட்டு வரும் ஆண்டு போனஸையும் வெஸ்ட் ஆகாத (இன்னும் உங்களுக்கு உரிமையாகாத) பங்குகளையும் கணக்குப் போட்டு, "இவ்வளவை விட்டுவிட்டு வருகிறேன்" என்று எழுத்தில் காட்டினால் அது கெஞ்சலாகத் தெரியாது, வெறும் கணக்காகத் தெரியும். ஆனால் அதன் பின்னால் ஒட்டியிருக்கும் ஷரத்தைப் படியுங்கள். '12 மாதத்துக்குள் விலகினால் முழுத்தொகையும் திருப்பித் தர வேண்டும்' என்றிருந்தால், பதினோராவது மாத முடிவில் விலகுகிறவர் எல்லாவற்றையும் கொடுக்க வேண்டும். மாதவாரியாகக் குறையும்படி மாற்றக் கேளுங்கள். அப்போது அதே ஆள் பன்னிரண்டில் ஒரு பங்கோடு தப்புவார். வரி பிடித்தபின் கையில் வந்ததைத்தான் திருப்ப வேண்டும், வரிக்கு முந்தைய தொகையை அல்ல என்று எழுதச் சொல்லுங்கள். எல்லாவற்றையும்விட முக்கியம், நீங்களாக விலகினால் மட்டும் என்ற சொல். கருவியை நோயாளிகளிடம் பரிசோதிக்கும் மருத்துவச் சோதனை ஒன்று தோற்றால் இந்தத் துறையில் ஒரு கருவிக் குழுவே ஒரே நாளில் கலைக்கப்படும். வேலையையும் எடுத்துவிட்டு போனஸையும் திருப்பிக் கேட்பதற்கு அந்த ஷரத்து இடம் கொடுக்கக் கூடாது.

ஆண்டு போனஸில் பார்க்க வேண்டியது இலக்குச் சதவீதம் அல்ல, கடந்த மூன்று ஆண்டுகளில் உண்மையில் கொடுத்த சதவீதம். கேட்டால் சொல்வார்கள். ஆண்டின் கடைசி மாதங்களில் சேர்பவருக்குப் பல நிறுவனங்களில் அந்த ஆண்டு போனஸ் கிடையாது என்பதால், இரண்டு வாரம் முன்கூட்டியே சேர்ந்தாலே சில நேரம் ஒரு மாதச் சம்பளம் லாபம்.

மைல்ஸ்டோன் போனஸ்தான் இந்தத் துறைக்கே உரிய கண்ணி. ஸ்டார்ட்அப்களில் 'இந்த ஆண்டுக்குள் 510(கே) கிடைத்தால் இவ்வளவு' என்று எழுதித் தருவார்கள். கேட்க இனிமையாக இருக்கும். 510(கே)-வுக்கு எஃப்.டி.ஏ.வின் இலக்கு 90 நாள். ஆனால் அது அவர்களுடைய நாள். கூடுதல் தகவல் கேட்டுக் கடிதம் அனுப்பிய நிமிடம் கடிகாரம் நின்றுவிடும். பதில் சொல்ல நிறுவனத்துக்கு 180 நாள்வரை உண்டு. பதில் போனபின்தான் மறுபடி ஓடும். ஜூன் தொடக்கத்தில் சமர்ப்பித்தால், இரண்டையும் கூட்டி 270 நாள், அடுத்த பிப்ரவரி முடிவுக்குப் போய்விடும். உங்கள் வேலையில் எந்தக் குறையும் இல்லாமலே 'இந்த ஆண்டுக்குள்' கை நழுவும். பி.எம்.ஏ. என்றால் ஆலோசனைக் குழு இல்லாமல் 180 நாள், குழுவோடு 320 நாள் இலக்கு. அங்கேயும் அதே நிறுத்தக் கணக்கு உண்டு.

இதற்குத் தீர்வு, போனஸை உங்கள் கையில் இருக்கும் செயலோடு கட்டுவது. இப்படி ஒரு வாசகம் கேட்கலாம்: 'டிசைன் வெரிஃபிகேஷன் அறிக்கைகள் கையெழுத்தாகிச் சமர்ப்பிப்பு ஏற்கப்பட்டதும் பாதி, அனுமதி கிடைத்ததும் மீதி, அனுமதிக்குத் தேதிக் கெடு இல்லை, சமர்ப்பிப்புக்குப் பின் நிறுவனம் தன் முடிவால் பணிநீக்கம் செய்தால் மீதியும் அனுமதி நாளில் சேரும்.' நான்கு துண்டுகளில் மூன்றாவதைத்தான் நிறுவனங்கள் அதிகம் எதிர்க்கும். அதை விட்டுக்கொடுத்தாலும் நான்காவதை விட்டுவிடாதீர்கள்.

பங்கு பற்றி நிதானமாகப் பேச வேண்டும், ஏனென்றால் ஏமாற்றம் அதிகம் நடப்பது இங்கேதான். யாரும் வேண்டுமென்று ஏமாற்றுவதில்லை. கணக்குத் தெரியாமல் தாமே ஏமாறுவதுதான் அதிகம். 'உங்களுக்கு 20,000 ஆப்ஷன்' (குறித்த விலைக்குப் பங்கு வாங்கும் உரிமை) என்றால் அது ஒன்றுமே சொல்லவில்லை. எல்லா ஆப்ஷன்களையும் மாற்றத்தக்கப் பங்குகளையும் சேர்த்த மொத்தப் பங்கு எவ்வளவு, அதில் எத்தனை சதவீதம் என்று கேளுங்கள். 0.2 சதவீதம் என்று பதில் வருகிறது, வைத்துக்கொள்வோம். நிறுவனம் 100 கோடிக்கு விற்றால் 20 லட்சம் என்று மனம் கணக்குப் போடும். எந்த நாணயமானாலும் விகிதம் ஒன்றுதான். முதலீட்டாளர்கள் 70 கோடி போட்டிருக்கிறார்கள், முதலில் போட்டதை எடுத்துக்கொண்டு மீதியிலும் பங்கு பெறும் உரிமை அவர்களுக்கு இருக்கிறது என்றால், பங்கிட மிஞ்சுவது 30 கோடி. உங்கள் 0.2 சதவீதம் 6 லட்சம். மருத்துவக் கருவி ஸ்டார்ட்அப் அனுமதிக்கு முன் இன்னொரு சுற்றாவது பணம் திரட்டும். இன்னும் 20 கோடி வருகிறது, எல்லோருடைய பங்கும் ஐந்தில் ஒன்று குறைகிறது. 0.16 சதவீதம், மிஞ்சும் 10 கோடியில். 1 லட்சத்து 60 ஆயிரம். ஆப்ஷனைக் கொண்டு பங்கு வாங்கும் விலையை இதிலிருந்து கழிக்க வேண்டும்.

இன்னும் ஒரு திருகல் பாக்கி. இந்தத் துறையில் வாங்குகிற பெரிய நிறுவனம் முழுத்தொகையையும் முதல் நாளே தராமல், ஒரு பகுதியை அனுமதி, விற்பனை போன்ற இலக்குகளோடு கட்டிவைப்பது வழக்கமான ஏற்பாடு. மேலே சொன்ன 100 கோடியில் 60 கையெழுத்து நாளில், 40 ஒப்புதலுக்குப் பிறகு என்றால், முதல் நாள் வரும் 60 கோடி முழுவதும் முதலீட்டாளர்களின் 90 கோடி உரிமைக்குள் மறைந்துவிடும். ஒப்புதல் வரவில்லையென்றால் உங்களுக்குப் பூஜ்யம். மீதியில் பங்கு கேட்காத, எது லாபமோ அதை மட்டும் தேர்ந்தெடுக்கும் வகை முதலீடானால் கணக்கு இதைவிட இரக்கமாக இருக்கும். எந்த வகை என்று கேட்கத் தயங்காதீர்கள். சொல்ல மறுக்கும் ஸ்டார்ட்அப்பின் பங்கை ஆஃபரை ஒப்பிடும்போது பூஜ்யமாக எழுதிவிடுவது நல்லது.

வெஸ்டிங் பெரும்பாலும் நான்கு ஆண்டு, முதல் ஆண்டு முடியும்வரை ஒன்றும் கிடையாது. இரண்டு காலண்டரும் நேருக்கு நேர் மோதும் இடம் இது. சமர்ப்பிப்பு ஒன்பதாவது மாதத்தில் முடிந்து, 'இனி இந்தக் குழு வேண்டாம்' என்று பதினோராவது மாதம் முடிவெடுத்தால் கையில் ஒரு பங்கும் இருக்காது. நிறுவனம் விற்கப்பட்டு அதனால் வேலை போனால் மீதிப் பங்கெல்லாம் உடனே வெஸ்ட் ஆகும் என்ற இரட்டை நிபந்தனையைக் கேளுங்கள். மூத்த பதவிகளில் கொடுப்பார்கள், மற்றவர்களுக்குக் கேட்டால் சில நேரம் கிடைக்கும். விலகியபின் ஆப்ஷனைக் கொண்டு பங்கு வாங்க 90 நாள் என்பது வழக்கமாக இருக்கும் கெடு. கருவி சந்தைக்கு வர வருடங்கள் ஆகும் துறையில் 90 நாள் அநியாயக் குறைவு. அதை நீட்டிக்கக் கேட்பதால் நிறுவனத்துக்கு உடனடிப் பணச்செலவு இல்லை.

பணம் அல்லாத சில விஷயங்களுக்கு இங்கே பணத்தைவிடக் கனம் அதிகம். அதில் முதலாவது கையெழுத்து. ஐரோப்பிய ஒழுங்குமுறையின் 15-ஆவது பிரிவு ஒவ்வொரு உற்பத்தியாளரும் ஒழுங்குமுறை இணக்கத்துக்குப் பொறுப்பான ஒருவரை வைத்திருக்க வேண்டும் என்கிறது. சின்ன நிறுவனங்களில் மூத்த பொறியாளரைப் பார்த்து, "உங்கள் பெயரையே போட்டுவிடலாமா?" என்று சாதாரணமாகக் கேட்பார்கள். அதே பிரிவு, கடமையை ஒழுங்காகச் செய்ததற்காக அவருக்கு நிறுவனத்துக்குள் பாதகம் வரக் கூடாது என்றும் சொல்கிறது. பெயரைக் கொடுப்பதென்றால் தனிச் சம்பளம், நிறுவனத்தின் பொறுப்புக் காப்பீட்டில் உங்கள் பெயர், வழக்குச் செலவை நிறுவனமே ஏற்கும் என்ற எழுத்து, இணக்கமில்லாத சரக்கை நிறுத்திவைக்கும் அதிகாரம் ஆகிய நான்கும் வேண்டும். நான்காவது இல்லாமல் முதல் மூன்றும் பொம்மை.

பயணம் அடுத்தது. '25 சதவீதம்' என்று ஒற்றை வரியில் கடந்துபோகும். ஆண்டுக்கு 240 வேலைநாள் என்றால் 60 நாள். அதில் எத்தனை நாள் அறுவை அறையில் நிற்க வேண்டும் என்று கேளுங்கள். எக்ஸ்ரே ஓடும் அறையானால் ஈய ஏப்ரனும் கதிர்வீச்சு அளவி பேட்ஜும் யார் தருவது, ரத்தத்தோடு தொடர்பு வரும் வேலையானால் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி, மருத்துவமனைக்குள் நுழையும் அனுமதிக்கான பயிற்சி நேரம் வேலைநேரமாக எண்ணப்படுமா, இரவு இரண்டு மணிக்குப் புகார் போன் வந்தால் மறுநாள் விடுப்பு உண்டா எல்லாம் அதற்குள் அடங்கும். இவை பேராசையாகத் தெரியாது. கேட்பவர் களத்தில் நின்றவர் என்றுதான் தெரியும்.

கண்டுபிடிப்பு உரிமை ஒப்பந்தத்தில் 'முந்தைய கண்டுபிடிப்புகள்' என்று ஒரு பின்னிணைப்பு வெற்றுத்தாளாக இருக்கும். அதை வெறுமனே விடாதீர்கள். வீட்டில் செய்துவைத்த சென்சார் போர்டு, திறமூல நிரல், பாதியில் நிற்கும் காப்புரிமை யோசனை எல்லாவற்றையும் ரகசியம் வெளிப்படாத தலைப்பாக எழுதுங்கள். போட்டி நிறுவனத்தில் சேரத் தடை இருந்தால் அதன் செல்லுபடி ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு மாதிரி. வழக்கறிஞரிடம் ஒரு மணி நேரம் செலவிடத் தக்கது. பேரத்தில் நீங்கள் கேட்க வேண்டியது 'மருத்துவக் கருவிகள்' என்ற கடலை 'புற ரத்தநாள கதீட்டர்கள்' என்ற வாய்க்காலாகக் குறுக்குவது. இதய மின்னியல் ஆள் ஒருவர் விலகியபின் எலும்பு இம்ப்ளான்ட் நிறுவனத்தில் சேருவதைத் தடுக்க யாருக்கும் நியாயமான காரணம் இல்லை.

எல்லாம் கையில் இருக்கும்போது ஒரே மெயிலில் கேளுங்கள். இன்று சம்பளம், நாளை போனஸ், மறுநாள் விடுமுறை என்று தவணை முறையில் கேட்டால் மூன்றாவது மெயிலில் ரெக்ரூட்டருக்குச் சலிப்பு வந்துவிடும். ஆஃபரில் உள்ள அடிப்படைச் சம்பளத்தை 100 என்று வைத்தால், மெயில் இப்படி இருக்கலாம்:

'ஆஃபருக்கு நன்றி. இந்தக் கருவியில் வேலை செய்ய விருப்பம் உறுதியாக இருக்கிறது. நாம் பேசிய பொறுப்புகளை, அதாவது ரிஸ்க் கோப்பு, வெளிச் சோதனைக்கூடம், சமர்ப்பிப்புக் கேள்விகள் மூன்றையும் வைத்துப் பார்த்தால் அடிப்படைச் சம்பளம் 100 என்ற இடத்தில் 112 பொருத்தமாக இருக்கும். விட்டுவரும் ஆண்டு போனஸுக்கு ஈடாக ஜாயினிங் போனஸ் 8. திருப்பித் தருவது மாதவாரியாகக் குறையும்படியும், நானாக விலகினால் மட்டும் என்றும். மைல்ஸ்டோன் போனஸ் இணைப்பில் உள்ள வாசகப்படி. இவை அமைந்தால் வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்திட்டு அனுப்புகிறேன்.'

கடைசி வரிக்குத்தான் வலிமை அதிகம். ரெக்ரூட்டர் மேலதிகாரியிடம் போய், "இதைக் கொடுத்தால் ஆள் வந்துவிடுவார்" என்று சொல்ல முடிகிறது. அதனாலேயே அந்த வாக்கை மீறக் கூடாது. கேட்டதைக் கொடுத்தபின் "இன்னும் ஒன்று" என்று ஆரம்பித்தால், சேரும் முன்பே மேனேஜரின் நம்பிக்கையைச் செலவழித்துவிடுகிறீர்கள். இல்லாத போட்டி ஆஃபரை இருப்பதாகச் சொல்வதும் அப்படியே. இது சின்ன உலகம். மாநாடுகளிலும் தரநிலைக் குழுக்களிலும் அதே முகங்கள்தான் சுற்றிச் சுற்றி வரும். பெரிய மென்பொருள் நிறுவனத்தின் ஆஃபர் உண்மையாகவே கையில் இருந்தாலும், அதோடு மருத்துவக் கருவிச் சம்பளத்தை ஒப்பிட்டு மல்லுக்கட்டுவதில் பயன் குறைவு. "அப்படியானால் அங்கே போங்களேன்" என்பது அவர்களிடம் தயாராக இருக்கும் பதில்.

பணம் நகராத இடத்தில் வேறு ஒன்று நகரும். ஒழுங்குமுறை, தரப் பொறியியல் சான்றிதழ்த் தேர்வுகளுக்கான கட்டணமும் படிக்க நேரமும், தரநிலைக் குழுவில் இருக்கையும் பயணமும், ஆறாவது மாதத்தில் சம்பள மறுபார்வை எல்லாம் கேட்கலாம். மறுபார்வை என்றால் 'பரிசீலிக்கப்படும்' என்று எழுதினால் போதாது. எந்த அளவுகோலை எட்டினால் எவ்வளவு என்று இருக்க வேண்டும்.

திருத்திய கடிதம் வந்ததும் உங்கள் மெயிலை ஒருபக்கம், கடிதத்தை மறுபக்கம் வைத்து வரிவரியாகத் தடமறி அட்டவணை போடுங்கள். தேவை ஒரு நெடுவரிசை, அது நிறைவேறிய பத்தி எண் அடுத்ததில். தொழிலில் தினமும் செய்வதுதானே. போனில் ஒத்துக்கொண்டு கடிதத்தில் விட்டுப்போன வரிகள் அப்போது தெரியும். பெரும்பாலும் மறதிதான் காரணம். ஆனால் 'முந்தைய பேச்சுகள் அனைத்தையும் இக்கடிதம் ரத்து செய்கிறது' என்ற ஷரத்து கீழே எங்காவது இருக்கும். அதனால் விட்டுப்போனது உண்மையாகவே இல்லாமல் போகும். பின்னணிச் சரிபார்ப்பு முடிந்து, நிபந்தனையற்ற ஆஃபர் என்று எழுத்தில் வரும்வரை பழைய இடத்தில் ராஜினாமா கொடுக்காதீர்கள். கொடுக்கும் நாளில் ஆய்வகக் குறிப்பேடும் பென்டிரைவும் மேசையிலேயே இருக்கட்டும். உங்கள் பெயரில் திறந்திருக்கும் கேப்பாக்களை யாருக்கு மாற்றுவது என்று ஒரு பட்டியல் எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.